மூணு அம்பத்தி ரெண்டு

"மூணு நாப்பதுக்கு முந்தியா, பிந்தியா? அதை மட்டும் சொல்லு கார்த்தி. மத்ததெல்லாம் அப்புறம்."

ருக்குமணி மடியில் பஞ்சாங்கத்தை விரித்து வைத்திருந்தாள். மலை மேல் ஆலத்தூர் நாடு என்ற ஊரிலிருக்கும் மகன் வீட்டுக்கு முதல் நாள்தான் சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். பேத்திக்குப் பேர் வைக்கும் முன் பிறந்த நேரம் தெரிந்தாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

கூடவே வந்திருந்த நாத்தனார் பாவாயி வெற்றிலையை மென்றபடி சொன்னாள். "மூணு நாப்பது வரைக்கும் ஆயில்யம். பொட்டப்புள்ள ஆயில்யத்துல பொறந்திருந்தா நாளைக்கு எந்த ஊட்டுல வந்து பொண்ணு கேப்பாங்க?"

மருமகள் சங்கீதா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

பிரசவத்துக்கு ஆம்புலன்சில் மலை இறங்கும்போது, மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு மேலே ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டாள் மகள். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் நர்ஸ் எழுதியதும் 'சுமார் மூன்றரை, மூன்றே முக்கால்'தான்.

கார்த்தி உடனே ஒரு படம் எடுத்தான். எடுத்த சந்தோஷத்தில் போனைப் பள்ளத்தில் நழுவவிட்டான். நல்லவேளை, அதற்குள் படம் அவன் வீட்டில் வைத்திருந்த போட்டோ சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கூடத்து மேசை மேலிருந்த பழைய கம்ப்யூட்டர்.

"படத்துல நேரம் எழுதியிருக்குமா?" என்றாள் பாவாயி.

"படத்துல இல்லீங்க அத்தை, நேத்தே அம்மாகிட்டச் சொன்னேன். அந்த ஃபைல் எவ்வளவு பெருசு, எப்ப எழுதினது, எல்லாத்தையும் கம்ப்யூட்டர் தனியா வச்சிருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்ல ரெண்டு வரி எழுதிக் கேட்டா சொல்லிடும்."

"கேளு," என்றாள் ருக்குமணி. "ஆனா ஒண்ணு. பொண்டாட்டி மூஞ்சி வாடுதுன்னு நீயா ஒரு நேரம் சொல்லப்படாது. அண்ணி, நீங்களே கிட்ட வந்து நின்னு பாருங்க. கம்ப்யூட்டர் என்ன காட்டுதோ அதான்."

இந்த மாமியாருக்கு மனசே கிடையாதா என்று சங்கீதாவுக்குத் தோன்றியது.

கார்த்தி தட்டினான். திரையில் எண்கள் விழுந்தன. பாவாயி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள்.

"பதினஞ்சு அம்பத்தி ரெண்டுன்னு போட்டிருக்குது. அப்படின்னா?"

"மூணு அம்பத்தி ரெண்டுங்க அத்தை."

ருக்குமணி பஞ்சாங்கத்தைப் பட்டென்று மூடினாள். "மகம். பாத்தீங்கல்ல அண்ணி? ஊர்ல யார் கேட்டாலும் நீங்களே சொல்லுங்க."

"என் ரெண்டு கண்ணால பாத்தேனே. ஆயில்யம்னு எவ சொல்றான்னு பாக்கறேன்." பாவாயி குழந்தையை வாங்கி, "மகத்துச் சாமி, அத்தைப்பாட்டியப் பாரு கண்ணு," என்று கொஞ்சினாள். ருக்குமணி பாயசம் வைக்க அடுப்படிக்குப் போனாள். பாவாயியும் குழந்தையோடு பின்னாலேயே நடந்தாள்.

சங்கீதா கணவனின் காதருகே வந்தாள். "நெசத்தைச் சொல்லுங்க. நீங்கதானே மாத்தினீங்க?"

"நேத்து ராத்திரியே மாத்தணும்னுதான் இருந்தேன். அதுக்கு ஒரே ஒரு வரி போதும். எங்க, அசந்து தூங்கிட்டேன். இது நெச நேரம்தான், சங்கீ."

"எப்படி நம்பறது?"

"ஃபைல் நேரத்தை யார் வேணா மாத்தலாம். ஆனா எப்ப மாத்தினாங்கங்கறதைக் கம்ப்யூட்டர் தனியாக் குறிச்சுக்கும். இரு, அதையும் காட்டறேன்."

காட்டினான். திரையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தான்.

"என்னங்க?"

"இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு மாத்தியிருக்குது."

"ஆறு மணிக்கு நாம ரெண்டு பேருமே எந்திரிக்கலையே."

கார்த்தியின் புது போன் அடித்தது. கூட வேலை பார்க்கும் பிரவீன். ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, உங்கம்மா காலங்காத்தால கூப்பிட்டு, ஃபைல் நேரத்தை மாத்தற வரியை ஒவ்வொரு எழுத்தா என்கிட்டக் கேட்டு டைப் பண்ணினாங்களே, பாவாயி அத்தை நம்பிட்டாங்களா?"