மாதுளைக் கரடிகள்

டப்பாவுக்குள் ஏதோ தளும்பியது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மறுபடியும் தளும்பியது.

மிட்டாய் தளும்பக் கூடாது.

பதினாறு கரடிகள். மாதுளைச் சாற்றில் செய்தவை. காலையில் அச்சிலிருந்து பிதுக்கி எடுத்தபோது காது, மூக்கு, தொப்பை எல்லாம் அப்படி அப்படியே இருந்தன.

மடியிலிருந்த எவர்சில்வர் டப்பாவைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. விருதுநகரில் ஏறும்போது ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷத்தில் வெயில் பக்கமாக உட்கார்ந்துவிட்டான். மடையன். இப்போது எழுந்தால் நிற்கவும் இடமில்லை.

பக்கத்து சீட் அம்மா, ரசமா தம்பி, சேலையில் கொட்டிவிடாதே என்றார். இல்லை, மிட்டாய் என்றான். அவர் டப்பாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்.

திறந்து பார்க்கவில்லை. பயம்.

போன தடவை கடையில் வாங்கிக் கொடுத்தான். பளபளவென்று சிவப்பு மிட்டாய். மகள் தனு முழுப் பாக்கெட்டையும் தின்றுவிட்டாள். ஏழு வயது. வீட்டுக்குப் போய் சிவப்பு சிவப்பாக வாந்தி எடுத்திருக்கிறாள். ரத்தம் என்று நினைத்து அவள் அம்மா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். ஒன்றுமில்லை, சாயம்தான் என்றார்களாம்.

அன்றைக்கு அவளிடமிருந்து வந்த செய்தி இன்னும் செல்போனில் இருக்கிறது.

“இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா, அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாது. கோர்ட்ல சொல்லிடுவேன்.”

சொன்னால் செய்வாள். எட்டு வருஷம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியாதா?

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. மதுரையில் ஒரு பூங்கா. கோர்ட் கொடுத்தது அவ்வளவுதான். அவனுக்கு இருப்பதும் அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தப் பாடு. சாயம் கிடையாது. சர்க்கரை கிடையாது. இனிப்புக்குத் தேன். சொட்டுக் குழாயால் கரடி கரடியாக நிரப்பினான். செல்போன் பழுது பார்க்கிறவன் கை. மயிரிழைக் கம்பியைக்கூடப் பதறாமல் பற்றவைக்கும். இதற்கு இரண்டு தடவை சிந்தியது.

இறுகுவதற்கு என்ன போடுவது என்று கேட்டதற்குக் கடைக்காரர் இரண்டு பொட்டலம் எடுத்து வைத்தார். சைனா கிராஸ் என்கிற கடல்பாசி ஒன்று, ஜெலட்டின் ஒன்று. பிள்ளைக்காயிற்றே என்று விலை கூடுதலாக இருந்ததை எடுத்துக்கொண்டான்.

நாலு தடவை செய்து பார்த்தான். நாலு தடவையும் ஜெலட்டின் நன்றாக இறுகியது. நாலு தடவையும் ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டே நின்று தின்று பார்த்தான்.

மே மாத வெயிலில் ஒரு தடவைகூட வைத்துப் பார்க்கவில்லை.

பூங்காவுக்குள் நுழைந்ததுமே தனு ஓடி வந்தாள். வெள்ளை கவுன். இன்றைக்குப் பார்த்தா வெள்ளை?

அவள் அம்மா வழக்கம் போல கேட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள். பார்க்காமல் பார்ப்பாள்.

டப்பாவைப் பைக்குள் தள்ளப் பார்த்தான். தனு அதற்குள் பிடுங்கிவிட்டாள். மூடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

சிவப்புக் குளம். நடுவில் ஒரே ஒரு காது மிதந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் கரைந்தது.

தனு குளத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

ஜூஸா என்று கேட்டாள்.

ஆமாம் என்றான். வேறு என்ன சொல்ல.

இரண்டு கையாலும் டப்பாவைத் தூக்கிக் குடித்தாள். பாதி உள்ளே போனது. பாதி மோவாய், கழுத்து, கவுன் என்று இறங்கியது. போதும் போதும் என்று அவன் பதறினான். அவள் காதில் ஏறவில்லை.

பெஞ்சிலிருந்தவள் எழுந்துவிட்டாள்.

அங்கிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளையின் வாயெல்லாம் சிவப்பு. நெஞ்செல்லாம் சிவப்பு.

ஒரு செருப்பு கழன்று விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் ஓடி வந்தாள். பிள்ளையின் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். நாக்கை நீட்டச் சொன்னாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

அவன் உளற ஆரம்பித்தான். மாதுளை என்றான். தேன் என்றான். சாயமே இல்லை, சத்தியமாக இல்லை என்றான். நாலு தடவை செய்து பார்த்ததை, பதினாறு கரடிகளை, விலை கூடிய ஜெலட்டினை, ஜன்னல் சீட்டை. கேட்காததையெல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல எதுவும் நம்புகிற மாதிரி இல்லை என்று அவனுக்கே பட்டது.

அவள் டப்பாவை வாங்கினாள். முகர்ந்தாள். அடியில் ஒட்டியிருந்ததைச் சுண்டுவிரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

இன்னொரு தடவை வழித்து வைத்துப் பார்த்தாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தான். தனுவின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டான். மேல் உதட்டில் சிவப்பு மீசை இருந்தது.

அவள் அந்த மீசையைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். தனு இன்னும் வேண்டும் என்றாள்.

டப்பா அவன் கைக்குத் திரும்பி வந்தது.

“அடுத்த தடவை சைனா கிராஸ் போடுங்க. வெயில்ல கரையாது.”

சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு போனாள்.

டப்பாவை மூட அவன் மூடியைத் தேடினான். புல்லில் பார்த்தான். பைக்குள் கைவிட்டுத் துழாவினான். உட்கார்ந்திருந்த தனுவை எழுந்திருக்கச் சொல்லி அவளுக்கு அடியில் பார்த்தான்.

மூடி அவன் கையில்தான் இருந்தது.