மூன்றாவது வரி

புது லேப்டாப் பெட்டியின் முத்திரையை சிற்றரசு தன் கையாலேதான் உடைத்தான். விண்டோஸை அழிக்காமல், பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் நிறுவி மறுபடி இயக்கினான். எதில் நுழைவது என்று கேட்ட பட்டியலில் இரண்டு வரிகள் இருக்க வேண்டும். மூன்று இருந்தன. மூன்றாவது, அவன் பெயர்.

அழுத்தினான். கடவுச்சொல் கேட்டது. கீழே ஒரு குறிப்பு: ‘மகள் பெயர்.’

இரண்டு முறை படித்துப் பார்த்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகக் குழந்தையில்லாத வீடு அது.

“பூங்கோதை, இங்க வாயேன்! நமக்கு ஏது மக?”

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி, சிவப்புப் பேனாவை மூடாமலே வந்து படித்தாள். குனிந்து, தயங்காமல் தட்டினாள். பெயர் வெறும் ஐந்து புள்ளிகளாகத்தான் அவனுக்குத் தெரிந்தது.

திறந்துகொண்டது.