ஒரு நொடிகூட வெட்டக் கூடாது

குழந்தை வீறிட்டு அழுதது. அறையிலிருந்த மூன்று பேரில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

"திரும்பப் போடுங்க," என்றான் தம்பிக்காரன்.

ஸ்டுடியோவின் ஆடியோ எடிட்டர் பெண் பொத்தானைத் தட்டினாள். ஸ்பீக்கரில் மறுபடியும் அதே அழுகை. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறு வயசுப் பிள்ளை. அதைப் போட்டு அடிக்க எப்படித்தான் கை வந்துச்சோ. விளங்கவே மாட்டா அவ."

அவள் என்றால், தம்பிக்காரனின் மனைவி. இருவரும் பிரிந்து ஒரு வருடமாகிறது. குழந்தை யாரிடம் வளர்வது என்று நாளைக் காலை கோர்ட்டில் கடைசி விசாரணை. பெற்ற தாயே அடிக்கிறாள் என்பதற்கு அவன் கையிலிருந்த ஒரே ஆதாரம், ஒரே வீட்டில் இருந்தபோது போனில் பதிவு செய்த இந்த நாற்பது நொடி.

அதிலும் ஒரு குறை. திரையில் அழுகையின் கோடு மேலும் கீழும் முட்டிக்கொண்டு நின்றது. தாய் கத்திய இடமோ நூல் மாதிரி மெலிந்து கிடந்தது.

"அவ கத்துறதுதான் முக்கியம். அதுவே கேக்க மாட்டேங்குது. ஜட்ஜ் காதுல அறையணும்."

"அவங்க குரல் தூரத்துல இருக்கு சார். குழந்தை மட்டும் போனுக்குப் பக்கத்துல இருக்கு."

"ஒளிச்சு வச்சு எடுத்தது. பின்ன, மைக்கை நீட்டிக்கிட்டா நிக்க முடியும்? கேட்ட வேலையைப் பாருங்க."

எடிட்டருக்குச் சுருக்கென்றது. காசு வாங்கியாயிற்று, முகத்தைச் சுளிக்க முடியாதே என்று பொறுமையாக விளக்கினாள்.

"கம்ப்ரெஸ்ஸர் போடலாம். பெரிய சத்தத்தை அது அமுக்கிடும். அப்புறம் மொத்தத்தையும் சேர்த்துத் தூக்கிடலாம். ஆனா அடியில கிடக்கிற ஃபேன் சத்தம், மூச்சுச் சத்தமெல்லாம்கூட மேல வரும். கத்துறதுக்கும் அழுகைக்கும் நடுவுல மூணு நொடி சும்மா இருக்கு. அதை மட்டும் வெட்டிடவா?"

"ஒரு நொடிகூட வெட்டக் கூடாது. வெட்டினா அவளோட வக்கீல் கப்புனு புடிச்சுக்குவான்."

"அப்ப அந்த இடத்தை முதல்ல ஹெட்போன்ல கேட்டுட்டு..."

"போன்ல நூறு தடவை கேட்டாச்சு. நடுவுல ஒரு மண்ணும் இல்ல. ஏத்துங்க."

அக்காக்காரிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அவ உனக்குச் சொந்தமா? இந்த இழு இழுக்கிறே? நாளைக்குக் கூண்டுல ஏறிச் சாட்சி சொல்லப் போறது நான். அவ மூஞ்சிக்கு நேராச் சொல்லுவேன், நீயெல்லாம் ஒரு தாயான்னு. எனக்குக் காதுல கேட்டாத்தானே சொல்ல முடியும்?"

இதற்கு மேல் பேசினால் கைகலப்புதான். எடிட்டர் அமுக்க வேண்டியதை அமுக்கி, ஏற்ற வேண்டியதை ஏற்றினாள். நூலாகக் கிடந்த கோடு திரையில் தடித்துக்கொண்டு வந்தது.

"இப்ப கேளுங்க."

"எத்தனை தடவை சொல்றது?" என்று, பதிவில் வேறொரு அறையிலிருந்து தாயின் குரல் இடித்தது. தொடர்ந்து படாரென்று ஒரு சத்தம்.

"பாத்தியா, அடிச்சுட்டா," என்று பல்லைக் கடித்தாள் அக்காக்காரி. தம்பிக்காரன் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

அடுத்து அந்த மூன்று நொடி. ஃபேன் இரைந்தது. யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு போனுக்கு வெகு அருகில், குழந்தை கிசுகிசுப்பது அறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"இப்ப அழட்டுமாப்பா?"