புகைக்கு அப்பால்

பராகுவே கோட்டைக்கு எதிரே பிரேசில் படையின் வேவு பலூன் எழும்பியதுமே சார்ஜென்ட் சிரிலோ கத்தினார்.

"ஈரப் புல்லை அள்ளிப் போடுங்கம்மா! மேல இருக்கிறவன் கண்ணுக்கு நம்ம பதுங்குகுழி தெரியக் கூடாது!"

பெண்கள் நெருப்பில் புல்லைக் கொட்டினார்கள். எழுந்த புகையில் பதுங்குகுழி மறைந்தது. புகையைத் தாண்டி அங்கே போக சிரிலோவுக்கு மட்டுமே அனுமதி.

அந்தப் பெண்களில் ஒருத்தியான பெத்ரோனா வழக்கம்போல அவித்த மரவள்ளிக்கிழங்கை அவரிடம் நீட்டினாள். "என் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடுங்க."

வாங்கிக்கொண்டு போனவர் சற்று நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார்.

"சாப்பிட்டாரா?"

"ஒரு துண்டு மிச்சம் வைக்கலை. உன் கைப்பக்குவத்தை அப்படி மெச்சிக்கிட்டான்!"

பெத்ரோனா அவர் முகத்தையே பார்த்தாள்.

"அவர் காலராவுல போய் ஒரு மாசமாச்சு, சார்ஜென்ட். என் மடியிலதான் உயிர் போச்சு."

"அப்புறம் எதுக்கும்மா தினமும் குடுத்தனுப்பினே?"

"அவர் பேரைச் சொன்னாத்தானே எடுத்துட்டுப் போவீங்க? அங்க பசியோட நிக்கிற பிள்ளைங்கள்ல எவனாவது ஒருத்தன் தின்னட்டும்னுதான். இன்னிக்கு யாரு தின்னது?"

சிரிலோ தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் தின்னேன். அங்க யாரும் இல்லம்மா. போன வாரமே எல்லாரையும் வேற முனைக்குச் சண்டைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒருத்தனும் திரும்பலை. அங்க நிக்கிறதெல்லாம் தொப்பி மாட்டின கழிங்கதான். அது தெரியக் கூடாதுன்னுதான் இந்தப் புகை."

பெத்ரோனா அண்ணாந்து பார்த்தாள். பலூன் இன்னும் இறங்கவில்லை.

அவள் குனிந்து, கை கொள்ளாத அளவுக்குப் புல்லை அள்ளி நெருப்பில் போட்டாள்.