இடப்பக்கத் திரை

பக்கத்துத் தெரு அக்காவின் பழைய கம்ப்யூட்டர் படத்தையெல்லாம் கோடு கோடாகக் காட்டியது. கிராபிக்ஸ் கார்டு அவுட். பழுது பார்க்கிறவன் என்பதால், புதிதாக இரண்டு கார்டுகளை எடுத்துப் போனேன். ஒன்றில் இரண்டு திரைகளை இணைக்கலாம். மற்றதில் ஒன்றைத்தான்.

"ஒண்ணு போதும் தம்பி. இன்னொண்ணுக்கு இங்க திரையும் இல்ல, ஆளும் இல்ல."

முன்பு மேசையில் இரண்டு திரைகள் இருந்தன; இடப்பக்கத்தது அவர் கணவருடையது. அதை ரிப்பேருக்கு எடுத்துப்போன வழியில்தான் கணவர் லாரியில் அடிபட்டு இறந்தார். திரையும் தூள்தூளானது. மேசையில் அதன் இடம் காலியாகக் கிடந்தது.

ஒற்றைக் கார்டைப் பொருத்தினேன். படம் பளிச்சென்று வந்தது. ஆனால் இரண்டு திரைகள் இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. எந்தத் திரை எத்தனையாவது என்று சொல்லும் பொத்தானை அழுத்தினேன். எங்கள் முன் இருந்த ஒரே திரையில் பெரிதாக '2' என்று வந்தது.

"அப்ப ஒண்ணாம் நம்பர் எங்கக்கா?" என்று சிரித்தேன். அவர் மேசையின் காலி இடத்தைப் பார்த்தார்.

முதல் திரையை நீக்கப் போனேன். மவுஸின் அம்பு கைக்கு அடங்காமல் இடப்பக்க ஓரத்தில் நழுவி மறைந்தது. இழுத்து வந்தால் மறுபடியும் ஓடியது. எரிச்சலில் மவுஸின் வயரையே பிடுங்கினேன். அம்பு நிதானமாகத் திரும்பி வந்து திரையின் நடுவில் நின்றது.

"மாட்டிடு தம்பி. வேலை நடுவுல மவுஸைப் பிடுங்கினா அவருக்குக் கோவம் வரும். அந்த ரெண்டு திரை கார்டையே போட்டுடு."

சொல்லிவிட்டு, நாற்காலியை வலப்பக்கம் நகர்த்தி, இடம்விட்டு உட்கார்ந்தார்.