முனியப்பனுக்கு ஒரு வேண்டுதல்

ஈரல் சூப் கொதிக்கக் கொதிக்க வந்தது. மாமியாரே ஊதி ஊதிக் கொடுத்தாள்.

இரண்டு பெண்களைப் பெற்றெடுத்தபோது இதே வீட்டில் ரசத்துக்கே பஞ்சம்.

"நல்லாக் குடி. ஒடம்பு தேறட்டும். அடுத்தது சிங்கக்குட்டி."

அவள் குடித்தாள்.

பத்து நாளைக்கு முன்பு, மூன்றாவதும் பெண் என்று யாரோ ஒருவனின் வீட்டுப் பின்கட்டில் திருட்டு ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள்.

அன்றைக்கே மாத்திரை. வாங்கி வந்தது கணவன். வாயைத் திறக்கச் சொல்லிப் போட்டது மாமியார்.

வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். யார் காதில் விழுந்தது?

மூன்று நாளாகியும் ரத்தம் நிற்கவில்லை. பயந்துபோய்ப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

அங்கே நர்ஸ் ஜெசிந்தா திரையை இழுத்து மூடிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். இது நீயாக எடுத்த முடிவா?

அப்போதுதான் அழுகை வந்தது.

அழுது முடித்து, இனிமேல் உண்டாகாமலிருக்க வழி உண்டா என்று கேட்டாள்.

காப்பர் டி இருக்கிறது. பத்து வருடம் தாங்கும். வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டாம், உன் கையெழுத்துப் போதும். காய்ச்சல் அடித்தாலோ ரத்தம் அதிகமானாலோ உடனே ஓடி வா. வீட்டில் யாராவது கை வைத்தால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடு.

கருப்பையில் தங்கியிருந்ததைச் சுத்தம் செய்தார்கள். அந்தக் கையோடு காப்பர் டியையும் வைத்துவிட்டார்கள்.

வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனாலும் அவள் ஆத்திரம் அடங்கவில்லை.

இப்போது கதவோரம் கணவன் நின்றான். கல்குவாரியில் வேலை. மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தை, ஆஸ்பத்திரியில வலி தாங்காம முனியப்பனுக்கு வேண்டிக்கிட்டேன். பையன் பொறக்கற வரைக்கும் உங்க மகன் காலுல செருப்புப் போட மாட்டாருன்னு."

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போலீசுக்குக்கூடப் பயப்படாதவள், முனியப்பன் பேரைச் சொன்னால் நடுங்குவாள்.

அவன் முகம் செத்துப்போனது. "கல்லு மேல எப்படிம்மா நடப்பேன்?"

"ஒரு வருஷந்தானேடா. பல்லக் கடிச்சிக்கிட்டு இரு. கழட்டு மொதல்ல."

கழற்றினான்.

வெளியே சித்திரை மாதத்து உச்சி வெயில். படியிறங்கி முதல் அடி வைத்ததுமே துள்ளினான்.

அவளுக்கு அடிவயிறு இன்னும் வலித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெல்ல நடந்து, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

தெருமுனை திரும்பும்வரை பார்க்க வேண்டும்.