ஒட்டிய இடம்

“இதோட மூக்கு, என் போர்விமான பொம்மை கிட்டை வெட்டிச் செஞ்சது. அது எனக்குத்தான்!” மேசைமேல் இருந்த விண்கல மாடலைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள்.

“பின்பக்கம் முழுக்க என் பீரங்கி வண்டி கிட். மூக்கை மட்டும் அறுத்து எடுத்துக்கிட்டுக் கிளம்பு!” என்று அவன் எகிறினான்.

அதை இரண்டாக அறுத்துத் தர வந்திருந்த தச்சருக்குப் பொறுமை போய்விட்டது. “ஒட்டின இடத்தைக் காட்டித் தொலைங்க, அறுத்துட்டுப் போறேன்.”

இருவரும் குனிந்து தேடினார்கள், விரலால் தடவினார்கள். இணைப்பு தட்டுப்படவே இல்லை.

“நீதான் இடுக்குல பட்டி மாவை வச்சு வச்சு அடைச்சே!” என்றாள் அவள்.

“நீதான் உப்புத்தாள் போட்டு விடிய விடியத் தேய்ச்சே!” என்றான் அவன்.

தச்சர் ரம்பத்தைப் பைக்குள் திணித்தார்.

“ஒட்டின இடம் செஞ்சவங்களுக்கே தெரியல. இதுல உங்களுக்கு விவாகரத்து ஒரு கேடா?”